முதியோர் இல்லங்களின் தரத்தை அளப்பது எவ்வாறு?

நமது ஊர்களில் "நர்ஸிங் ஹோம்" என்ற பலகையைக் கண்டவுடன், பிரசவமும் அறுவைச் சிகிச்சையும் நடக்கும் சிறிய தனியார் ஆஸ்பத்திரி என்றே எவரும் கொள்வர். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அச்சொல்லுக்கு அதுவே பொருள். மேல்நாடுகளிலோ, எழுந்து நடமாட இயலாத வயோதிகர்கள் மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும், பெரும்பாலும் இறுதிநாள் வரையிலும், பிறர் கைப் பராமரிப்பில் தங்கியிருக்கும் இல்லத்தையே அவ்வாறு அழைக்கின்றனர். அதனை நாம் முதியோர் இல்லம் என்கிறோம். ஆனால், நடமாடும் முதியவருக்கு உண்டியும் உறையுளும் தரும் விடுதியும் நம்மிடையே முதியோர் இல்லந்தான். படுத்த படுக்கையாகிவிட்டவரைப் புரட்டிப் படுக்கவைத்துப் பேணும் இடமும் முதியோர் இல்லந்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் விளையும் குழப்பம் சிறிதன்று. இக்கட்டுரை இரண்டாம் வகையைப் பற்றியது.

நெசவாளரும் விவசாயிகளும் படிக்கும் ஒரு கூட்டுறவு இதழில் இவ்விஷயத்துக்கு இடமென்ன என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். சதுரகிரி மலையடிவாரத்து மகாராஜபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் அறிந்தவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். கண்மாய் நீரையும் கிணற்று நீரையும் நம்பி நெல்லும் தென்னையும் வளர்த்த குடும்பங்களிலும், சுந்தரபாண்டியத்தில் தலைமுறை தலைமுறையாகத் தறியில் அமர்ந்த குடும்பங்களிலும், பிள்ளைகள் பலர் இன்று திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பிழைப்பை அமைத்துக்கொண்டுவிட்டனர். ஊரில் எஞ்சியிருப்போர் முதியவர்கள். முன்பு நான்கு பேர் பகிர்ந்து செய்த ஊழியத்தை இன்று ஒருவர் செய்யவேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் மருமகளே என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. குழித்தறியில் நாற்பது ஆண்டு காலத்தைக் கழித்தவருக்கு முழங்காலும் இடுப்பும் கண்ணும் எந்நிலையில் இருக்கும் என்பதை நமது அங்கத்தினர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்திய மக்களில் நூற்றுக்கு 8.6 பேர் 60 வயதை எட்டியவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அது நூற்றுக்கு 10.4. அதன் பின்னர் இவ்விகிதம் ஏறியே வந்திருக்கிறது.

நமது மாவட்டத்தைப் பற்றி வெளியில் பேசப்படும் ஒரு கொடிய செய்தியையும் இங்கு மறைப்பதற்கில்லை. படுக்கையில் விழுந்து நெடுநாள் கிடக்கும் முதியவரை எண்ணெய்க் குளியலின் பெயரால் சாகடிக்கும் "தலைக்கூத்தல்" என்னும் வழக்கம் தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில் மறைவாக நடந்துவந்தது என்பது 2010ஆம் ஆண்டில் பத்திரிகைகளில் விரிவாக வெளிவந்தது. விருதுநகர் மாவட்டத்தின் பெயர் அச்செய்திகளில் முதலிடம் பெற்றிருந்தது. சட்டத்தின் முன் அது கொலை; வேறு பெயர் அதற்கு இல்லை. ஆயினும், அதைச் செய்தோரை ஏசிவிட்டு அவ்வளவில் நிறுத்திக்கொள்வோர், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒருவரை மலஜலம் அள்ளிப் பேணுவதற்கு அவ்வீட்டாருக்கு எவரிடமிருந்து என்ன உதவி கிட்டிற்று என்ற கேள்வியைக் கேட்பதில்லை. வீட்டில் பேண வழியற்றுப் போகும்போது நம்பி ஒப்படைக்கக்கூடிய இடமொன்று வேண்டும். அவ்விடம் நம்பத்தக்கதுதானா என்பதை அறிய வழியும் வேண்டும். முன்னதைப் பற்றிப் பலர் பேசுகின்றனர். பின்னதைப் பற்றிப் பேசுவோர் அரியர்.

ஆதரவற்றோர் இல்லம் நமக்குப் புதிதன்று. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தின்போது சென்னையில் தோன்றிய மணியக்காரர் சத்திரத்தை ஜனங்கள் "கஞ்சித்தொட்டி" என்றே அழைத்தனர்; ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் தொடக்கமும் அச்சத்திரமே. அப்பெயரிலேயே அக்காலத்து அளவுகோல் அடங்கியிருக்கிறது. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றப்படுகிறதா? ஊற்றப்பட்டால் தர்மம் நடக்கிறது என்று பொருள். பஞ்ச காலத்துக்கு அந்த அளவுகோல் போதுமானதாக இருந்திருக்கலாம். தன் கையால் அள்ளி உண்ண இயலாத கிழவிக்குத் தட்டில் சோறு வைத்துவிட்டு, அரைமணி கழித்துத் தட்டை எடுத்துச் செல்லும் இல்லத்துக்கும் அதே அளவுகோலைப் பிடித்தால், அவ்வில்லம் குறையேதுமின்றித் தேறிவிடும். உணவு வழங்கப்பட்டது என்றுதானே பதிவேடு சொல்லும்?

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும், முதற்கட்டத்தில் 150 வறிய முதியோருக்குக் குறையாமல் இடங்கொள்ளும் இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்" என்ற சொல்லைக் கவனிக்க. நமது இலாகாவில் பணிபுரிவோருக்கு, விதியில் வரும் "கலாம்" என்பதற்கும் "வேண்டும்" என்பதற்கும் இடையே எத்தனை வருஷ தூரம் உண்டென்பது தெரியும். முன்னாள் மத்திய சட்ட மந்திரி அசுவனி குமார் தொடுத்த வழக்கில், 2018 டிசம்பரில் தீர்ப்புக் கூறிய உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை இல்லங்கள் உள்ளன என்ற தகவலையே முதலில் திரட்டும்படி உத்தரவிட நேர்ந்தது. இல்லங்களைப் பதிவு செய்து, குறைந்தபட்சத் தரம் இன்னதென வரையறுப்பதற்கான திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. அது நிறைவேறுமுன் 2024இல் அந்த மக்களவையின் காலமே முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் முறையாகப் பதிவு பெறவேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது அறிவிப்பு விடுத்துவந்திருக்கின்றனர்.

அறிவிப்புக்கும் நடப்புக்கும் இடையே உள்ள இடைவெளி இருமுறை வெட்டவெளிச்சமாயிற்று. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பாலேஸ்வரத்தில் இயங்கிவந்த இல்லத்தின் வாகனத்தில், காய்கறி மூட்டைகளோடும் உயிருள்ள முதியவர்களோடும் ஒரு பிரேதமும் ஏற்றிச் செல்லப்படுவதை வழியில் ஜனங்கள் கண்டு தடுத்தனர். அதன் பின்னரே அதிகாரிகள் அங்கே சென்று சோதனையிட்டு, அங்கிருந்தோரைப் பிற இல்லங்களுக்கு மாற்றினர். அப்போது எழுந்த பலவகைக் குற்றச்சாட்டுகளை இல்லத்தார் மறுத்தனர். அவற்றுள் நாம் புகவேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்துக் குண்டலப்புலியூர் ஆசிரமம் பற்றிய செய்தி வெளிவந்தபோது, உரிய உரிமம் இன்றியே அது பல ஆண்டுகள் நடந்துவந்தது தெரியவந்தது. இவ்விரண்டிலும் விஷயத்தை வெளிக்கொணர்ந்தது முறையான ஆய்வு அன்று. ஒன்றில் வழிப்போக்கர்கள், மற்றொன்றில், தம் உறவினரைத் தேடிச் சென்று காணாதவர்கள்.

ஆனால் பதிவும் உரிமமும் இருந்தால் மட்டும் போதுமா? இங்கேதான், சங்கங்களின் கணக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. நமது 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் 80ஆம் பிரிவு தணிக்கையையும், 81ஆம் பிரிவு விசாரணையையும், 82ஆம் பிரிவு ஆய்வையும் சொல்கின்றன. இவை தனித்தனியே வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ரொக்கப் புத்தகம் கூட்டல் பிசகாமல் இருக்கும். சரக்கிருப்புப் பதிவேட்டில் 400 புடவை என்று எழுதியிருக்கும். அலமாரியைத் திறந்தால் அங்கே வேறு கதை இருக்கும். பதிவேட்டைத் தணிக்கை செய்வது ஒன்று, அலமாரியைத் திறப்பது மற்றொன்று. முதியோர் இல்லத்தில் அலமாரியைத் திறப்பது என்றால் என்ன?

இக்கேள்விக்கு விடை தேடி ஒரு பெருநாடு பன்னிரண்டு ஆண்டுகள் வழக்காடியது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்த கைகால் இயங்காத இளைஞர் ஒருவரும் அவரைப் போன்ற பிறரும் 1975இல் வழக்குத் தொடுத்தனர். இல்லங்களுக்கு அரசாங்கம் பணம் தருகிறது. ஆண்டுதோறும் ஆய்வும் நடத்துகிறது. ஆய்வில் இல்லங்கள் தேறுகின்றன. உள்ளே இருப்போரோ சீரழிகின்றனர் என்பது அவர்களது முறையீடு. ஆய்வாளர்கள் பூர்த்தி செய்யும் படிவத்தை நீதிமன்றம் வாங்கிப் பார்த்தது. அதில் 541 கேள்விகள் இருந்தன. அவற்றுள் நோயாளியின் பராமரிப்பைச் சற்றேனும் தொடுபவை 30 மட்டுமே. சமையலறையின் அமைப்பு, விதிமுறை நூல்கள், உத்தியோகஸ்தர்களின் தகுதிச் சான்றுகள் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் வினாக்கள் நிறைந்திருந்தன. பராமரிக்கும் சக்தி அவ்வில்லத்துக்கு உண்டா என்று அப்படிவம் கேட்டது. பராமரிப்பு நடக்கிறதா என்று கேட்கவில்லை. 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்காடியவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. 1986இல் நிபுணர் குழுவொன்று விரிவான அறிக்கை தந்தது. 1987இல் புதிய சட்டம் வந்தது.

அந்த நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஸிட்னி காட்ஸ் என்னும் வைத்தியர். 1963லேயே அவர் எளிய அளவுகோல் ஒன்றை வகுத்திருந்தார். குளித்தல், உடை உடுத்தல், கழிப்பிடம் சென்று வருதல், படுக்கையிலிருந்து எழுந்து மாறி அமர்தல், மலஜலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறில் எவற்றை ஒருவர் பிறர் துணையின்றிச் செய்கிறார் என்பதே அது. முதுமையில் முதலில் கைவிட்டுப்போவது குளியல். கடைசிவரை நிற்பது உண்ணுதல். குழந்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கற்கும் வரிசைக்கு இது ஏறக்குறைய நேர் எதிர் என்பதையும் அவர் குறித்தார். வியாதியின் பெயரைக் கேட்பதைவிட இந்த ஆறையும் கேட்பது ஒரு முதியவரின் நிலையைத் தெளிவாகக் காட்டும். புதிய சட்டத்தின்படி ஒருவரை இல்லத்தில் சேர்த்த 14 நாட்களுக்குள் இவ்வகை மதிப்பீட்டை எழுதவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் பார்க்கவேண்டும். ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வரவேண்டும். அதிகாரியின் அறையில் அமர்ந்து பதிவேடு பார்ப்பதோடு நில்லாமல், இல்லத்தில் வாழ்வோரிடம் பேசவேண்டும்.

தரம் என்பதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று அவெடிஸ் டோனபேடியன் என்ற அறிஞர் 1966இல் எழுதினார். இருக்கும் வசதி, செய்யும் முறை, கிடைக்கும் பலன் என்பவை அம்மூன்று. நெசவாளருக்கு இது புதிதாகத் தோன்றாது. தறியும் நூலும் முதலாவது. நெய்யும் பாங்கு இரண்டாவது. இறங்கிய துணி மூன்றாவது. எந்தச் சங்கமாவது தறியைப் பார்த்துவிட்டுக் கூலி தருமா? துணியை விரித்து, நீளம் அகலம் அளந்து, கண்ணாடியை வைத்து ஓர் அங்குலத்தில் இழை எத்தனை என்று எண்ணி, பழுது பார்த்த பின்னரே கூலி. ஆனால் முதியோர் இல்லம் என்றதும் நாம் தறியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். பளிங்குத் தரை, பூந்தொட்டி, தொலைக்காட்சிப் பெட்டி, வாசலில் வள்ளல்களின் பெயர்ப்பலகை. அவ்வளவோடு திருப்தி.

அதே சமயம், பலனை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பதிலும் அநியாயம் உண்டு. இற்றுப்போன நூலைக் கொடுத்துவிட்டுத் துணியில் அறுந்த இழை இருக்கிறதென்று நெசவாளியைக் குறைகூறலாகாது. மிக முடியாதவர்களை ஏற்றுக்கொள்ளும் இல்லத்தில் மரணம் அதிகமாகத்தான் இருக்கும். நடமாடுவோரை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளும் இல்லத்தின் கணக்கு அழகாகத்தான் இருக்கும். ஆகையால் ஓர் இல்லத்தை இன்னோர் இல்லத்தோடு ஒப்பிடுவதைவிட, ஒரே முதியவரைச் சென்ற மாதத்து நிலையோடு ஒப்பிடுவதே நேர்மையான அளவை என்பது என் அபிப்பிராயம்.

அதற்கு முதற்கருவி தராசு. 30 நாட்களில் உடல் எடை நூற்றுக்கு 5 பங்கோ, 180 நாட்களில் நூற்றுக்கு 10 பங்கோ குறைந்தால் அது கவனிக்க வேண்டிய எச்சரிக்கை என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. 50 கிலோ எடையுள்ளவர் ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ இழந்துவிட்டால், பல்வலியோ, விழுங்கச் சிரமமோ, மனச்சோர்வோ, மருந்தின் கோளாறோ, அல்லது ஊட்டிவிட ஆள் இல்லாமையோ காரணமாயிருக்கும். எதுவானாலும் விசாரிக்கவேண்டும். நூலைக் கிராம் சுத்தமாக நிறுத்து வாங்கி நிறுத்துக் கொடுக்கும் நாம், மாதம் ஒருமுறை மனிதரை நிறுக்காத இல்லத்தைக் குறித்து எதுவும் கேட்பதில்லை.

இரண்டாவது, தோல். இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பு முனை ஆகிய இடங்களில், அசையாமல் கிடப்பவரின் சதை எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நசுங்குகிறது. இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் புண்ணாகிறது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிடுவது தாதியர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் விதி. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்கவேண்டும். வெளுக்காவிட்டால் அதுவே படுக்கைப்புண்ணின் முதற்படி. நம்மவரின் கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாதாகையால், அவ்விடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று கைவைத்துப் பார்க்கவேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் நெய்யப்படும் பாண்டேஜ் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குச் செல்கிறது. படுக்கைப்புண்ணைப் பொறுத்தமட்டில் அத்துணிக்குத் தேவையே நேராமல் பார்த்துக்கொள்வதுதான் நல்ல பராமரிப்பு. அத்தொழிலில் உள்ள அன்பர்கள் என்னை மன்னிப்பார்களாக.

மூன்றாவது, கட்டு. கட்டிலிலிருந்து விழுந்துவிடுவார் என்று சொல்லித் துணியால் கையையும் இடுப்பையும் கட்டிவைக்கும் பழக்கம் அன்பின் பெயராலேயே நடக்கிறது. 1980களில் அமெரிக்க இல்லங்களில் பத்துப் பேரில் நால்வர் அளவுக்கு இவ்வாறு கட்டப்பட்டிருந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. 1987ஆம் வருஷத்துச் சட்டத்தின் பின்னர், இரண்டு மூன்று பதிற்றாண்டுகளில் அது நூற்றில் ஒரு சிலராகக் குறைந்தது. கட்டி வைக்கப்பட்டவருக்குத் தசை வற்றுகிறது, புண் வருகிறது, மனம் முறிகிறது. கட்டுக்கயிற்றுக்குப் பதிலாக மயக்க மருந்தைக் கொடுத்து உறங்கவைப்பதும் கட்டுதான். கண்ணுக்குத் தெரியாத கட்டு. பகல் பதினோரு மணிக்கு இல்லம் முழுவதும் நிசப்தமாக இருந்தால் அமைதியென்று மெச்சிவிடாமல், உறக்கத்துக்கு எந்த மாத்திரை, யார் எழுதியது, எத்தனை நாளாக என்று கேட்கவேண்டும்.

சென்ற ஆண்டு, நமது பகுதி நெசவாளர் ஒருவர் தம் தாயாரைச் சேர்ப்பதற்கு முன் ஓர் இல்லத்தைப் பார்த்துவர என்னைத் துணைக்கு அழைத்தார். அவ்வம்மையார் நாற்பது ஆண்டுகள் தார் சுற்றியவர். இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர். மகனும் மருமகளும் இருவருமே தறியில் உட்கார்ந்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். இல்லத்தின் பெயரும் ஊரும் வேண்டா. நிர்வாகஸ்தர் மரியாதை தெரிந்தவர். பதிவேடுகள் அச்சடித்தாற்போல் இருந்தன. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டியதாகப் பட்டியலில் கையொப்பங்கள் இருந்தன. இரவு இரண்டு, நான்கு, ஆறு மணிக்குரிய கட்டங்களெல்லாம் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே கையால் எழுதப்பட்டிருந்தன. எத்தனையோ சங்கங்களின் வருகைப் பதிவேட்டில் நான் கண்ட சாய்வு அது! தண்ணீர்க் குவளை கட்டிலிலிருந்து கையெட்டாத மேஜைமேல் இருந்தது. அழைப்பு மணியின் கயிறு ஆணியில் சுற்றி மாட்டப்பட்டிருந்தது. எடை பார்த்த குறிப்பு எங்கும் இல்லை. நாற்பது பேருக்கு இரவில் இரண்டு ஆயாக்கள் என்று அவர்களுள் ஒருவரே பிற்பாடு சொன்னார். இரண்டு பேர் நாற்பது பேரை இரவு முழுவதும் எவ்வாறு புரட்டுவது? அவர்கள் கொடியவர்கள் அல்லர். பட்டியலில் கையொப்பமிடச் சொன்னார்கள், இட்டார்கள். நாங்கள் திரும்பிவிட்டோம்.

பின்னர் அம்மையார் வேறோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அது ஓட்டுக் கட்டடம். வாசலில் பூந்தொட்டி இல்லை. அங்கிருந்த தாதி, எங்களை உட்காரச் சொல்லுமுன்பே, அம்மையாருக்குப் பிடித்த சோறு என்ன, எந்தப் பக்கம் ஒருக்களித்தால் வலி, வீட்டில் எப்பெயரால் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். மகனுக்கு ஊரில் பேச்சு வராமலில்லை. பெற்றவளைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான் என்றவர்களுள் ஒருவரும், அவர் வீட்டில் கிடந்த ஐந்து மாதத்தில் ஒரு நாளேனும் வந்து அவரைத் தூக்கி அமர்த்தியதில்லை. வீடு என்பதாலேயே பராமரிப்பு உயர்ந்ததாகிவிடாது. இல்லம் என்பதாலேயே தாழ்ந்ததும் ஆகாது. மேற்சொன்ன எடையும் தோலும் கட்டும் இரண்டுக்கும் ஒரே அளவைதான்.

ஆள்பலத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்தே பிறக்கிறது. அமெரிக்காவில் 2008 முதல் பராமரிப்பு இல்லங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திர மதிப்பு வழங்கி வெளியிட்டனர். பணியாளர் எத்தனை பேர் என்பதை இல்லங்கள் தாமே எழுதித் தந்தன. 2016 முதல் சம்பளப் பட்டியலின் ஆதாரத்தோடு கணக்குக் கேட்டார்கள். அப்போதுதான், பல இல்லங்களில் முன்பு சொன்ன அளவுக்கு ஆட்கள் இல்லை என்பதும், சனி ஞாயிறுகளில் எண்ணிக்கை சரிந்துவிடுகிறது என்பதும் வெளிப்பட்டன. நமக்கு வேண்டிய பாடம் எளிது: பணியாளர் பட்டியலைக் கேளாதீர், சம்பளப் பட்டியலைக் கேளுங்கள். அடுத்து, இரவு நேரத்தைக் கேளுங்கள். அங்கே 1987ஆம் வருஷத்துச் சட்டம், ஆயா வேலைக்கு வருவோருக்கு 75 மணி நேரப் பயிற்சியையேனும் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டில் பெரும்பாலும், வீட்டு வேலைக்கு வருவோரையே ஒரு நாள் உடன் நிறுத்திக் காட்டிவிட்டு மறுநாளே வேலையில் இறக்கிவிடுகிறார்கள். குறைந்த கூலிக்கு வந்த பெண் இரண்டு மாதத்தில் போய்விடுகிறாள். அவளுக்குப் பின் வருபவளுக்கு எந்த முதியவர் எந்தப் பக்கம் படுப்பார் என்பது தெரியாது.

தரத்தை அளப்பது தண்டிப்பதற்கு மட்டுமன்று. 1935இல் லண்டன் நகரையொட்டிய வெஸ்ட் மிடில்ஸெக்ஸ் ஆஸ்பத்திரியில் மார்ஜரி வாரன் என்ற வைத்திய அம்மையாரிடம், அநாதை விடுதியொன்றின் நோயாளர் கூடம் எழுநூறுக்கு மேற்பட்ட படுக்கைகளோடு ஒப்படைக்கப்பட்டது. இனி எழமாட்டார்கள் என்று ஆண்டுக்கணக்காகக் கைவிடப்பட்டவர்கள் அங்கே கிடந்தார்கள். அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரீட்சித்தார். வெளிச்சமும் நிறமும் கொண்டுவந்தார்; படுக்கையைவிட்டு எழுப்பினார்; நடக்கப் பழக்கினார். கணிசமானோர் எழுந்து வீடு திரும்பினர். படுத்த படுக்கை என்று பெயர் பெற்றவருள் ஒரு பகுதியினர் வியாதியால் படுத்தவர் அல்லர், படுக்கவைக்கப்பட்டதால் படுத்தவர் என்பதை அவர் மெய்ப்பித்தார். முதியோர் வைத்தியம் தனித்துறையாக வளர்ந்ததற்கு இது ஒரு மூலம். நமது நாட்டில் அத்துறைக்கு வித்திட்டவர் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் வி. எஸ். நடராஜன், அங்கே 1996இல் அதற்கு மேற்பட்டப் படிப்பே தொடங்கிற்று. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. மகாராஜபுரத்து வயோதிகருக்குக் கிண்டி நெடுந்தூரம். அவருக்கு அண்மையில் இருப்பது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டம். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவருவதோடு, படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைப் பயிற்சியும் வலி தணிக்கும் பராமரிப்பும் தருவது அதன் நோக்கம். அச்சேவையைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்காத வீட்டுக்கு அது தானாக வருவது அரிது.

கூட்டுறவு இதற்குள் எங்கே வருகிறது? ஜப்பானின் நாகானோ மாநிலத்தில், விவசாயக் கூட்டுறவு இயக்கத்துக்குச் சொந்தமான ஸாகு மத்திய ஆஸ்பத்திரிக்கு 1945இல் தோஷிகாஸு வகாட்சுகி என்ற வைத்தியர் வந்து சேர்ந்தார். நோயாளிகள் வரட்டும் என்று காத்திராமல் ஊர் ஊராகச் சென்றார். குடியானவர்களுக்குச் சுகாதாரத்தை நாடகம் போட்டுக் காட்டினார். 1959 முதல் யாச்சிஹோ என்ற கிராமத்தில் கிராமத்தார் அனைவருக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை நடத்தினார். 1976இல் அவருக்கு மக்ஸாய்ஸாய் விருது கிடைத்தது. 1990களில் அந்நாட்டு விவசாயக் கூட்டுறவுகளின் பெண் அங்கத்தினர்கள், முதியோருக்கு வீட்டில் உதவும் பயிற்சியைப் பெருந்தொகையினராகப் பெற்றனர். 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி அங்கே நடைமுறைக்கு வந்தபோது, பணியை ஏற்கப் பயிற்சி பெற்ற கைகள் கிராமங்களிலேயே இருந்தன. நம் நாட்டிலும் அகமதாபாத்தில் சேவா இயக்கத்துப் பெண்கள் 1990லேயே சுகாதார ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்திருக்கின்றனர்.

நாளைக்கே நமது சங்கங்கள் முதியோர் இல்லம் கட்டவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கட்டடம் கட்டுவதில் நமக்கு உள்ள ஆர்வம் அபாயகரமானது. அஸ்திவாரக் கல்லோடு நின்றவை பலவற்றை நானே பார்த்திருக்கிறேன். அதைவிடச் சிறிய காரியம் ஒன்று உண்டு. அங்கத்தினர் குடும்பத்து முதியவர்கள் எந்தெந்த இல்லங்களில் இருக்கிறார்களோ, அவ்வில்லங்களுக்குச் சங்கத்தின் சார்பில் மூவர், அவருள் ஒரு பெண்ணேனும் இருக்க, மாதம் ஒருமுறை சென்று வரலாம். ஒரு மாதம் காலையில், மறு மாதம் இரவு உணவு வேளையில், இன்னொரு மாதம் ஞாயிற்றுக்கிழமையில். சொல்லாமல் செல்லவேண்டும். எடைக் குறிப்பைக் கேட்கவேண்டும்; முதியவரின் உடம்பைத் தாதியின் முன்னிலையில் பெண் அங்கத்தினர் பார்க்கவேண்டும்; நிர்வாகஸ்தர் இல்லாத இடத்தில் ஐந்து நிமிஷம் அவரோடு பேசவேண்டும். பேச்சு வராதவர்களின் கையைப் பிடித்தாலே ஓரளவு தெரியும். பஸ் செலவைச் சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து கொடுப்பதற்குத் துணைவிதிகளில் இடமிருக்கிறதா என்று நிர்வாகக் குழு பார்க்கட்டும். எவரோ ஒருவர் வருகிறார் என்று தெரிந்த கட்டிலுக்கும், எவரும் வராத கட்டிலுக்கும் உள்ள வேறுபாட்டை ஆயாக்களே ஒளிக்காமல் சொல்வார்கள்.

பண விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1962 ஏப்ரலில் நமது மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாயாயிற்று. படுக்கையில் உள்ளவருக்கு வேண்டிய துணி, மருந்து, ஆள் செலவுக்கு இது போதாது. பிள்ளைகள் வசதியிருந்தும் பேணாதபோது, 2007ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முதியவரே மனுக் கொடுக்கலாம். அவரால் இயலாவிட்டால் அவர் அதிகாரம் அளித்த வேறொருவரோ, ஒரு தொண்டு நிறுவனமோ கொடுக்கலாம். வக்கீல் வைத்தாகவேண்டும் என்பதில்லை. பிரதிவாதிக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாட்களுக்குள் முடிவு கூறவேண்டும். தக்க காரணம் இருந்தால் 30 நாள் நீட்டலாம். பேணுவதாக நிபந்தனையிட்டு எழுதி வாங்கிய சொத்துப் பத்திரத்தையும், நிபந்தனை மீறப்பட்டால், 23ஆம் பிரிவின்கீழ் செல்லாது என அறிவிக்கலாம். ஆகவே நிலத்தையோ வீட்டையோ பிள்ளைகளுக்கு எழுதி வைக்கும் அங்கத்தினர்கள், தம்மைப் பேணவேண்டும் என்ற வாசகத்தைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்வார்களாக. இல்லங்களில் நடக்கும் குறைகளைச் சொல்லவும் ஆலோசனை கேட்கவும் 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் நாடெங்கும் இருக்கிறது. அவ்வெண்ணைச் சங்க அலுவலகத்தில், கூலிப் பட்டியல் ஒட்டும் பலகைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்; அங்கத்தினர் அனைவரும் வாரம் ஒருமுறையேனும் நின்று பார்க்கும் இடம் அதுதான்.